கூட்டமில்லாத கடற்கரை... காப்பாற்ற ஆள் உண்டா?

மே மாத ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணி. சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில், டீக்கடையை ஒட்டி ஒரு வேன் நிற்கிறது. மேலே கட்டிய மூட்டையில் கோரைப்பாய், பந்து, இருபது லிட்டர் தண்ணீர் கேன். உள்ளே எலுமிச்சைச் சாதத் தூக்கு மணக்கிறது. பதினான்கு பேர் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. வண்டி மட்டும் கிளம்பவில்லை. எந்தக் கடலுக்குப் போவது என்பது இன்னும் முடிவாகவில்லை.

“சில்வர் பீச்சுக்கே போயிடலாம் மாமா. பஜ்ஜிக் கடை, ராட்டினம் எல்லாம் இருக்கு.”

“ஞாயித்துக்கெழம அங்க கால் வைக்க எடமிருக்காது மாப்ள. சாமியார்பேட்டைக்குப் போவோம். கூட்டமே இருக்காது. கடல் நமக்கே நமக்கு.”

பின் இருக்கையில் கல்லூரிப் பெண் ஒருத்தி செல்போனை நீட்டுகிறாள். திரையில் ஏதோ ஒரு கரீபியன் தீவு. “தண்ணி இந்த மாதிரி இருக்கணும் சித்தி. அடி மண்ணு தெரியுது பாருங்க.”

ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பாட்டி யாரையும் பார்க்காமல் சொல்கிறார்: “எங்க வேணா போங்க. புள்ளைங்கள தண்ணியில எறக்கிட்டு நீங்க வேடிக்கை பாக்காதீங்க.”

கோடை விடுமுறையில் கடலூர் மாவட்டத்தின் உள்பகுதியில் இருந்து கிளம்பும் எந்த வண்டியிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைத் தொழிலாளர் குடும்பமானாலும், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்புகிற விவசாயி வீடானாலும், நெய்வேலி நிலக்கரி நிறுவன ஊழியர் வீடானாலும் விருப்பம் ஒன்றுதான். கூட்டம் இருக்கக் கூடாது, பிள்ளைகளை நம்பித் தண்ணீரில் இறக்க வேண்டும். பல லட்சம் செலவழித்துக் கரீபியன் தீவில் விடுமுறை கழிக்கப் போகிறவர்கள் தேடுவதும் இதையே. இந்த இரண்டு விருப்பங்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கூட்டம் இல்லாத கரையில் பெரும்பாலும் காப்பாற்றவும் ஆள் இருப்பதில்லை.

ஆற்றோடு போன பயணம்

உள்ளூர்க்காரர்களுக்குக் கடல் புதிதல்ல. விருத்தாசலத்தைத் தொட்டு வரும் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்கிறது. அந்த வெள்ளாறு சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி, புவனகிரி வழியே போய், பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. சேத்தியாத்தோப்பில் இருந்து சாலையில் போனாலும் நாற்பது கிலோமீட்டருக்குள் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும்.

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். கிள்ளையில் இஸ்லாமியர்கள் சுவாமியை வரவேற்று மரியாதை செய்யும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அந்தக் கூட்டத்தோடு கடல் பார்த்த தலைமுறைகள் இங்கே உண்டு. அது ஊரே கூடிப் போன பயணம். மீனவர்கள் கரையில் நிற்பார்கள், எது இறங்கும் இடம், எது இறங்கக் கூடாத இடம் என்பது தெரிந்திருக்கும். இப்போது நடப்பது வேறு. செல்போன் வழிகாட்டுகிறது, வேன் நேராக மணல் வரை போகிறது, ஊர்க்காரர் ஒருவரிடம்கூடப் பேசாமல் தண்ணீரில் இறங்கிவிட முடிகிறது.

கரீபியன் போகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

அந்தப் பெண் காட்டிய படத்துக்கே வருவோம். கரீபியனில் விவரம் தெரிந்தவர்கள் தீவைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை.

முதலில் மாதம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே சூறாவளிக் காலம். 2017 செப்டம்பரில் இர்மா புயல் பார்புடா தீவைத் துவைத்தெடுத்தது. சுமார் 1,600 பேர் வாழ்ந்த அந்த அமைதியான தீவு முழுவதையுமே காலி செய்ய வேண்டியதாயிற்று. தென் அமெரிக்கக் கரையை ஒட்டி இருக்கும் அரூபா, பொனேர், குராசோ தீவுகள் புயல் பாதைக்குப் பெரும்பாலும் வெளியே இருப்பதால், அந்த மாதங்களில் போக வேண்டியவர்கள் அங்கே போகிறார்கள்.

அடுத்தது திசை. பார்படோஸ் தீவின் மேற்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும். அட்லாண்டிக்கைப் பார்த்த கிழக்குக் கரையிலோ அலை மலை போல எழும், நீந்துவது ஆபத்து. ஒரே தீவு, ஒரே நாள், இரண்டு கடல். ஆள் குறைவு என்பதற்கும் ஒரு காரணம் இருக்கும். மொன்செராட் தீவில் கூட்டமே கிடையாது. 1995-ல் வெடிக்கத் தொடங்கிய எரிமலை அதன் தலைநகர் பிளிமத்தையே புதைத்துவிட்டதுதான் காரணம்.

அந்தக் கடலுக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1850-களில் இருந்து புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் சந்ததியினர் இன்றும் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். சேத்தியாத்தோப்பில் இருந்து யாரும் வார இறுதிக்கு அங்கே போகப் போவதில்லை. ஆனால் கரீபியன் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளை நாம் நம் கரையில் கேட்கலாம்: எந்த மாதம்? எந்தத் திசை? யார் காவல்?

திசையைப் பொறுத்தவரை நமக்குத் தேர்வே கிடையாது. கடலூர் மாவட்டத்தின் சுமார் 57 கிலோமீட்டர் கரையும் வங்கக் கடலை நேருக்கு நேர் பார்த்து நிற்கிறது. மறைவுப் பக்கம் என்று ஒன்று இல்லை. அதனால் மாதமும் நேரமும் இறங்கும் இடமும்தான் நம் கையில் இருக்கின்றன.

[பெட்டிச் செய்தி] எந்த மாதம் எப்படி?

பிப்ரவரி, மார்ச்: வாடை ஓய்ந்து கடல் அடங்கும் காலம். குடும்பத்தோடு போக ஏற்றது. ஆமைகள் முட்டையிட வரும் பருவமும் இதுவே. இரவில் மணலில் விளக்கும் தீயும் வேண்டாம்.

ஏப்ரல், மே: காலை நேரம் நல்லது. பிற்பகலில் கடற்காற்று ஏறினால் அலையும் ஏறும். ‘கள்ளக்கடல்’ (தொலைதூரப் புயல்களால் திடீரென ஏறும் அலை) எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: மேல்காற்றுக் காலம். காலையில் கரையோரம் அமைதியாகத் தெரிந்தாலும் மீனவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: வடகிழக்குப் பருவமழை. குளியலே கூடாது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இந்த மாவட்டத்தைச் சிதைத்தது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது.

அமாவாசை, பௌர்ணமி: கடலின் ஏற்றமும் வற்றமும் அதிகம். பௌர்ணமி இரவில் கடல் பார்க்க வருகிறவர்கள் மணலோடு நின்றுகொள்வது நல்லது.

அலை அடிக்காத இடம்தான் ஆபத்து

நீச்சல் தெரியாதவர் கரைக்கு வந்ததும் என்ன செய்வார்? அலை உடைந்து நுரைக்கும் இடத்தைத் தவிர்த்து, நடுவே அமைதியாக இருக்கும் பகுதியில் குழந்தையை இறக்குவார். நியாயமான எண்ணம்தான். ஆனால் பல உயிர்கள் போவது அந்த இடத்தில்தான்.

அலைகள் கரைக்குத் தள்ளிக் குவிக்கும் தண்ணீர் எப்படியாவது கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணல் திட்டுகளுக்கு இடையே எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே அது ஒன்று சேர்ந்து வாய்க்கால் போல உள்ளே ஓடும். பள்ளம் என்பதால் அங்கே அலை உடையாது. தண்ணீர் சற்றுக் கருத்து, அடங்கிக் கிடப்பது போலத் தெரியும். கலங்கல் மண்ணும் நுரையும் கடலை நோக்கி நகர்வது கூர்ந்து பார்த்தால்தான் புலப்படும். இழுப்பின் வேகம் நொடிக்கு 2 மீட்டரைக்கூடத் தாண்டும். ஒலிம்பிக் வீரரால்கூட அதை எதிர்த்து நீந்திக் கரை சேர முடியாது. அது ஆளைக் கீழே அமுக்குவதில்லை, உள்ளே கொண்டுபோகிறது. பயந்து கரையைப் பார்த்து நேராக நீந்துகிறவர் கை ஓய்ந்து மூழ்குகிறார். கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தினால் சில பத்து மீட்டரில் அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வந்துவிடலாம். நீந்தத் தெரியாதவர் மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். உதவிக்குக் கரையில் ஆள் இருந்தாக வேண்டும் என்பதுதான் இதில் கடினமான பகுதி.

2024 மே 6. கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தை ஒட்டிய லெமூர் கடற்கரை. அழகான, ஒதுக்குப்புறமான இடம். திருமணத்துக்கு வந்திருந்த பயிற்சி மருத்துவர்கள் குழுவாகக் கடலுக்குப் போனார்கள். அலை இழுத்ததில் ஐந்து பேர் இறந்தார்கள். கடலில் இறங்க வேண்டாம் என்ற எச்சரிக்கை அப்போது ஏற்கெனவே அமலில் இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் ‘கள்ளக்கடல்’ வரும் என்று அறிவித்திருந்தது. வெகுதூரத்தில், தென் இந்தியப் பெருங்கடலில் வீசும் புயல்கள் கிளப்பிவிடும் பேரலைகள் நாள் கணக்கில் பயணம் செய்து வந்து சேர்வதுதான் அது. இங்கே காற்றிருக்காது, வானம் தெளிந்திருக்கும், கடல் மட்டும் திடீரென ஏறும். மீனவர்கள் சொன்ன அந்தப் பெயரையே யுனெஸ்கோ 2012-ல் ஏற்றுக்கொண்டது.

இறந்தவர்கள் மருத்துவம் படித்தவர்கள். அவர்களைக் குறை சொல்வதில் ஒரு பயனும் இல்லை. ஹைதராபாத்தில் எழுதப்பட்ட எச்சரிக்கை, மணலில் நின்ற அந்தப் பிள்ளைகளின் காதுக்கு ஒரு மனிதர் குரலாக வந்து சேரவில்லை. நம் அலட்சியத்தின் இடம் அது.

பக்கத்துக் கரைகள்: எது, எதற்கு?

*சில்வர் பீச், கடலூர்.* தேவனாம்பட்டினத்தில், பழைய செயின்ட் டேவிட் கோட்டையின் அருகே இருக்கிறது. நீலக்கொடிச் சான்றுக்காகத் தமிழ்நாடு அரசு தேர்வு செய்த கடற்கரைகளில் இதுவும் ஒன்று. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு வழங்கும் அந்தச் சான்றுக்கு 33 நிபந்தனைகள். தண்ணீரின் தூய்மையும் உயிர்காக்கும் ஏற்பாடும் அவற்றில் முக்கியமானவை. காணும் பொங்கலுக்கும் மாசி மகத்துக்கும் இங்கே திணறும். ஆனால் கடை, விளக்கு, போலீஸ், பக்கத்தில் அரசு மருத்துவமனை எல்லாம் உண்டு. சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் வார நாள் காலையில் இங்கே போவதையே நான் சொல்வேன். கூட்டத்தை இடம் மாற்றித் தவிர்ப்பதைவிட நேரம் மாற்றித் தவிர்ப்பது பாதுகாப்பானது.

*சாமியார்பேட்டை.* கடலூர் – சிதம்பரம் சாலையில் புதுச்சத்திரம் பக்கம் கிழக்கே திரும்ப வேண்டும். அகன்ற மணல், சவுக்குத் தோப்பு, மீனவர் குடியிருப்பு. வேனில் இருந்த மாமா சொன்ன இடம் இதுதான். வார நாளில் ஆள் குறைவு. கால் நனைக்க, மணலில் விளையாட, சாப்பிட, சூரிய உதயம் பார்க்க இதைவிட நல்ல இடம் இந்த மாவட்டத்தில் இல்லை. முழங்காலுக்கு மேல் இறங்குவது என்றால் ஊர்க்காரரைக் கேட்டுத்தான் இறங்க வேண்டும். மழைக்காலத்துக்குப் பிறகு மணல் திட்டும் பள்ளமும் இடம் மாறியிருக்கும். போன வருடம் குளித்த இடம் இந்த வருடமும் அப்படியே இருக்கும் என்று எண்ணக் கூடாது.

*பரங்கிப்பேட்டை முகத்துவாரம்.* போர்த்துக்கீசியர் வந்து இறங்கிய ஊர். 1781-ல் ஹைதர் அலியும் ஆங்கிலேயரும் மோதிய போர்க்களம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது. பார்க்க நிறைய உண்டு. குளிக்க மட்டும் கூடாது. வற்றத்தின்போது ஆற்று நீர் முழுவதும் அந்தக் குறுகிய வாய் வழியே கடலுக்குப் பாயும். மேலே ஒன்றும் தெரியாது.

*பிச்சாவரம்.* வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுரபுன்னைக் காடு. 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ‘இதயக்கனி’ படத்தில் பார்த்த அதே வாய்க்கால்கள்தான். தீவு தேடுகிறவர்களுக்கு நம் மாவட்டம் தரும் விடை இது. உயிர்காப்பு உடை போட்டு, படகில் உட்கார்ந்து, பல இடங்களில் இடுப்பளவு, நெஞ்சளவே இருக்கும் தண்ணீரில் நிழலுக்குள் போகலாம். ஞாயிறு மதியம் படகுக்கு வரிசை நீளும். செவ்வாய், புதன் காலையில் காடு அமைதியாக இருக்கும்.

காட்டுக்கு அப்பால் கடலோரம் இருக்கும் எம்.ஜி.ஆர் திட்டு, தனிமை தேடுகிறவர்களை இழுக்கும். அங்கே ஒரு மீனவர் கிராமம் இருந்தது. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை அதை அழித்தது, மிஞ்சியவர்கள் உள்பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். அன்று கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மரங்கள் அடர்ந்து நின்ற இடங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று இதே கரையை ஆராய்ந்த கட்டுரை 2005-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. அந்தத் திட்டில் யாரும் இல்லை என்பது அழகு மட்டும் அல்ல, ஒரு ஊரின் இழப்பு. விருந்துக்கும் கூத்துக்கும் போகும் இடமாக அதை ஆக்காதீர்கள்.

கடல் தாண்டியே போவதென்றால்

பாஸ்போர்ட் இருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை யாழ்ப்பாணம். நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. பருவமழைக் காலத்தில் நிற்கும், அதனால் தேதியை உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். காரைநகரின் கசூரினா கடற்கரையில் பாக் நீரிணையின் ஆழம் குறைந்த கடல், நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பைத் தாண்டாது, அலையும் சிறியது. கரீபியனில் ‘மறைவுப் பக்கம்’ தேடுகிறவர்களுக்குக் கிடைப்பது நமக்கு நாகையில் இருந்து சில மணி நேரத்தில் கிடைக்கிறது. தமிழில் பேசி, தோசை சாப்பிட்டுக்கொண்டே பார்த்துவிட்டு வரலாம்.

அந்தமானில் ஹேவ்லாக் என்ற ஸ்வராஜ் தீவின் ராதாநகர் கடற்கரை 2020-ல் நீலக்கொடி பெற்றது. ஆனால் அதே தீவில் 2010-ல் முதலை தாக்கி ஒரு பயணி இறந்தார். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் இறங்கவே கூடாது. லட்சத்தீவில் பவளத்திட்டு சூழ்ந்த கடல் குளம் போல அமைதியானது, கூட்டமும் குறைவு. அங்கே நுழைவதற்கே அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது கூட்டம் குறைவதற்கு ஒரு காரணம். எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினால் என்ன கிடைக்கும் என்பதைப் பிச்சாவரம் அதிகாரிகள் அங்கே போய்ப் பார்க்கலாம்.

நமக்குச் சுற்றுலா, அவர்களுக்குப் பட்டறை

கூட்டமில்லாத கடற்கரை என்று நாம் சொல்லும் இடத்தில் எப்போதும் யாரோ வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். வலை காய்கிறது, கருவாடு காய்கிறது, படகு இழுக்கிறார்கள். காரைக் கொண்டுபோய் வலை மேல் நிறுத்துகிறோம். உடைத்துப்போட்ட மது பாட்டில், மறுநாள் விடியற்காலை இருட்டில் வெறுங்காலோடு படகு தள்ளுகிறவரின் பாதத்தில் ஏறுகிறது. காலில் தையல் போட்டவர் கடலுக்குப் போக முடியாது. அந்த வாரக் கூலி போயிற்று.

கழிப்பறை இல்லாத கரைக்கு நூறு வேன் வந்தால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை. பெண்கள் படும் அவதி தனி.

இன்னொரு சுமையும் உண்டு. வெளியூர்ப் பையன் ஒருவன் மூழ்கினால் முதலில் குதிப்பது உள்ளூர் மீனவர்தான். தீயணைப்பு வண்டி வருவதற்குள் படகு இறங்கிவிடும். உடல் கிடைக்காவிட்டால் அடுத்த நாளும் தேடுவார்கள், தொழில் நிற்கும். அதற்கு யாரும் கணக்கு வைப்பதில்லை, கூலியும் இல்லை. உலகில் ஆண்டுக்கு சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் மாவட்டத்தில் அப்படி இறப்பவர்களின் எண்ணிக்கை இன்னும் கூடாமல் இருப்பதற்குப் பெயர் தெரியாத இந்த மனிதர்களும் ஒரு காரணம்.

[பெட்டிச் செய்தி] ஒருவர் தண்ணீரில் சிக்கினால்

பின்னாலேயே குதிக்காதீர்கள். மிதக்கும் எதையாவது வீசுங்கள். மூடி இறுகிய காலித் தண்ணீர் கேன் ஒரு ஆளைத் தாங்கும். கயிறு கட்டி வீசினால் இன்னும் நல்லது.

கரை சேர்ந்தவருக்கு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அழுத்தாதீர்கள், தலைகீழாகத் தூக்காதீர்கள். வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சின் நடுவே அழுத்தத் தொடங்குங்கள்.

ஆம்புலன்ஸ் 108. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. கடலோரக் காவல்படை 1554.

குடித்தவரைக் கடலில் இறக்காதீர்கள். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்வரை ஒரு பெரியவர் செல்போனைத் தொடாமல் அவர்களையே பார்த்திருக்க வேண்டும்.

தடைக்காலத்தில் ஒரு வேலை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கடலூர் துறைமுகத்திலும் முடசல் ஓடையிலும் அன்னங்கோயிலிலும் படகுகள் கட்டிக் கிடக்கும். தொழிலாளிகள் கரையில் இருப்பார்கள். குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய், அதுவும் 5,000-ல் இருந்து உயர்த்தப்பட்டது. பள்ளி விடுமுறையும் கடற்கரைக் கூட்டமும் வருவது அதே நாட்களில்தான்.

கோவா மாநிலம் 2008-ல் இருந்து சம்பளத்துக்கு உயிர்காப்பாளர்களைக் கடற்கரைகளில் நிறுத்தியிருக்கிறது. கேரளச் சுற்றுலாத் துறையிலும் அந்தப் பணி உண்டு. சென்னை மெரினாவுக்கும் ஒரு பிரிவு வந்துவிட்டது. சாமியார்பேட்டைக்கு ஏன் வரக் கூடாது? கடலின் போக்கைப் பார்த்ததும் சொல்லக்கூடிய இளைஞர்கள் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள். முதலுதவிப் பயிற்சி கொடுங்கள். சீருடையும் விசிலும் மிதவை வளையமும் கொடுங்கள். அன்றைய கடல் எச்சரிக்கையை அவர்கள் செல்போனுக்கு அனுப்புங்கள். இறங்கலாம் என்றால் ஒரு கொடி, கூடாது என்றால் சிவப்புக் கொடி. பெண்களுக்குக் கழிப்பறை, வண்டிகளுக்குத் தள்ளி ஒரு நிறுத்தம். வாகன நிறுத்தக் கட்டணத்தை அந்தந்த ஊராட்சிக்கே விட்டால் செலவில் ஒரு பகுதி அங்கேயே வந்துவிடும்.

அதுவரை படிக்கிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். எந்தக் கரைக்குப் போனாலும் வண்டியை விட்டு இறங்கியதும் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் போய், “ஐயா, இன்னிக்கு எறங்கலாமா, எந்தப் பக்கம் எறங்கலாம்?” என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் மணலில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். மாவட்ட ஆட்சியரும் மீன்வளத் துறையும் சுற்றுலாத் துறையும் அடுத்த ஏப்ரல் 15-க்குள் முதல் உயிர்காப்பாளரைச் சாமியார்பேட்டைக் கரையில் நிறுத்த வேண்டும்.